ஜமாஅத் இணையதளமும் ஓர் அமானிதமே: பூட்டை நாமே செய்ய வேண்டுமா?

சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, தென்னூரில் அஸ்ர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் மடிக்கணினியுடன் நமக்காகக் காத்திருந்தார். கணினி படித்தவர், நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் வேலை. ஜகாத் உதவி கேட்பவர்கள் அலுவலக வாசலில் நின்று கூச்சப்பட வேண்டாம், வீட்டிலிருந்தே கைபேசியில் விண்ணப்பிக்கட்டும் என்று நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓர் இணையச் செயலி செய்திருந்தார்கள். மாஷா அல்லாஹ், நல்ல எண்ணம். "ஹஜ்ரத், நீங்க ஒரு தடவை பார்த்துட்டா கமிட்டில காட்டிடலாம்" என்றார்.

பெயர், முகவரி, குடும்ப அட்டை, வருமானம், உதவி கேட்கும் காரணம் என்று ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்பினோம். விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு பக்கம் வந்தது. மேலே அந்தப் பக்கத்தின் முகவரி. அதன் கடைசியில் 41 என்ற எண். பெரிதாக எதுவும் யோசிக்காமல் 41-ஐ அழித்துவிட்டு 40 என்று தட்டினோம். இன்னொருவருடைய விண்ணப்பம் திறந்தது.

சோதனைக்காக முதலில் 40 குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்களாம். நாம் பார்த்தது கணவரை இழந்த ஒரு சகோதரியின் விண்ணப்பம். கைபேசி எண், ஆதார் நகல், கணவரின் இறப்புச் சான்று, காரணம் என்ற கட்டத்தில் அவரே எழுதிய ஆறேழு வரிகள். முதல் வரியைப் படித்ததுமே மூடிவிட்டோம். பத்துப் பேர் முன்னால் அந்தச் சகோதரி கூசி நிற்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு, எண்ணை மாற்றத் தெரிந்த எவரும் அவருடைய கஷ்டத்தைப் படிக்கும் ஏற்பாடாகிவிட்டது.

"லாகின் வெச்சிருக்கோமே ஹஜ்ரத்" என்றார் இளைஞர். அவர் சொன்னது உண்மைதான். நாமும் முறையாக லாகின் செய்துதான் உள்ளே போயிருந்தோம்.

நாம் கணினி நிரல் எழுதக் கற்றவர்களல்ல. ஆனால் அன்று தொடங்கி அந்த நால்வருடனும் பல மாலைகள் உட்கார்ந்து கேட்டதில் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். நிக்காஹ் பதிவு, வரன் தகவல், மக்தப் சேர்க்கை, பைத்துல்மால் கடன் என்று எல்லா ஊர்களிலும் ஜமாஅத்கள் இணையத்துக்கு மாறி வருகின்றன. செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள். தரவைக் கொடுப்பவர்கள் நம் குடும்பத்தார். ஆகவே இரு தரப்பாரும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ரயில் டிக்கெட்டிலும் இதே ஓட்டை

நம் பிள்ளைகள் மட்டும் செய்த தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் இறுதியில், சென்னை தாம்பரத்தில் பிளஸ் டூ படித்த ஒரு மாணவர் ரயில் டிக்கெட் பதிவு செய்ய ஐ.ஆர்.சி.டி.சி. தளத்துக்குப் போனார். பரிவர்த்தனை எண்ணை மாற்றிப் பார்த்தபோது பிற பயணிகளின் பெயர், வயது, பயண விவரம் எல்லாம் அவருக்குத் தெரிந்தன. அடுத்தவர் டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியும் என்று கண்டுகொண்டார். நல்ல பிள்ளை, விளையாடிப் பார்க்கவில்லை. மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினார். சில நாட்களில் ஓட்டை அடைக்கப்பட்டது.

நாடு முழுவதும் பயன்படுத்தும் தளத்தில் நிகழ்ந்ததும், தென்னூரில் நாம் பார்த்ததும் ஒன்றேதான். லாகின் என்பது "நீ யார்?" என்ற கேள்விக்கு மட்டுமே பதில். "நீ கேட்கும் இந்தப் பொருள் உன்னுடையதா?" என்பது வேறு கேள்வி. எட்டு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டின் வெளிக் கேட்டில் காவலாளி நம்மை உள்ளே விட்டுவிட்டார் என்பதற்காக, எட்டு வீட்டுக் கதவையும் திறந்து நுழைந்துவிட முடியுமா? பிறர் வீடுகளில் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையாதீர்கள் என்பது அந்நூர் அத்தியாயம் 27-வது வசனத்தின் கட்டளை. தெருவுக்குள் வர அனுமதி இருக்கிறதே என்று அங்கே வாதாட இடமில்லை.

இணையச் செயலிகளில் அடிக்கடி காணப்படும் ஆபத்துகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் என்ற உலகளாவிய தன்னார்வ அமைப்பு 2001-ல் தொடங்கப்பட்டது. பத்து முக்கிய ஆபத்துகளைத் தேர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. 2017 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த இந்த அனுமதிக் குறைபாடு, 2021 பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஜஅஃபர் பாய் பெயரில் வந்த வினை

அந்த நால்வரிடமும் நாம் கேட்ட முதல் கேள்வி: "இதையெல்லாம் தடுக்க ஏற்கனவே யாரும் எதுவும் செய்து வைக்கவில்லையா? ஒவ்வொருவரும் முதலிலிருந்து பூட்டு செய்ய வேண்டுமா?"

செய்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் யாரும் அதைத் தேடுவதில்லை. வேலை ஓடினால் போதும் என்று சொந்தமாக நாலு வரி எழுதிவிடுகிறார்கள். அதற்கு ஓர் உதாரணம் நம் பெயர்களிலேயே கிடைத்தது. ஜஅஃபர், முஅமின் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஐன், ஹம்ஸா எழுத்துகளுக்காக நடுவே ஒற்றை மேற்கோள் குறி இடுபவர்கள் உண்டு. செயலியில் அப்படி ஒருவர் பெயரை இட்டதும் பக்கம் நொறுங்கிப் பிழைச் செய்தி வந்தது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மேற்கோள் குறி இருந்தால் அதை நீக்கிவிடுமாறு ஒரு வரி எழுதினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

உண்மையில் அந்தப் பிழைச் செய்தி ஓர் எச்சரிக்கை. தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில் மேற்கோள் குறிதான் "பெயர் இத்தோடு முடிந்தது" என்பதற்கு அடையாளம். பெயருக்குள்ளேயே அந்தக் குறி வந்தால், அதற்குப் பின்னால் இருப்பதைக் கணினி கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். ஜஅஃபர் பாய் இட்டால் பக்கம் நொறுங்கும். தீயவன் இட்டால் தரவுத்தளமே அவன் சொல்படி ஆடும். இந்தத் தாக்குதல் முறை 1998-லேயே பகிரங்கமாக எழுதப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் புதிது புதிதாக எழுதப்படும் செயலிகளில் அதே ஓட்டை வருகிறது.

ஒரு பக்கத்தில் மேற்கோள் குறியை நீக்கினார்கள். இன்னொரு பக்கத்தில் மறந்துவிட்டார்கள். செயலியில் தேடுதல் பெட்டி ஒன்று இருந்தது. அங்கே எந்தச் சோதனையும் இல்லை. சொந்தப் பூட்டின் குறை இதுதான். வீட்டுக்கு வீடு ஒரு விதமாக இருக்கும். எந்த வீட்டில் இல்லை என்பது திருடனுக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரே இடத்தில் வைத்த காவல்

இதற்காகவே ஓவாஸ்ப் அமைப்பில் உருவான ஒரு நிரல் நூலகம் ஈஎஸ்ஏபிஐ. என்டர்பிரைஸ் செக்யூரிட்டி ஏபிஐ என்பதன் சுருக்கம். நிரல் நூலகம் என்றால் படிக்கும் நூலகமல்ல; லைப்ரரி என்று கணினிக்காரர்கள் சொல்லும், பிறர் எழுதிச் சோதித்து வைத்துள்ள நிரல் தொகுப்பு. எடுத்து நம் செயலியில் இணைத்துக்கொள்ளலாம். ஜெஃப் வில்லியம்ஸ் என்பவர் தொடங்கிவைத்த இதன் நோக்கம் எளிது: பாதுகாப்புக்குத் தேவையான எல்லாக் காவல்களையும் ஒரே தொகுப்பில், யாரும் பார்க்கும்படியான திறந்த மூல நிரலாக, இலவசமாகக் கொடுத்துவிடுவது. நிரலாளர் தம் வேலையைச் செய்யட்டும். காவல் தேவைப்படும் இடத்தில் எல்லாம் இந்த ஒன்றையே அழைக்கட்டும்.

அதற்குள் இருப்பவற்றில் நமக்குப் புரிந்த சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, உள்ளே வருவதைச் சரிபார்ப்பது. இங்கே ஒரு விதி நம்மைக் கவர்ந்தது. தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடாதே, அனுமதிக்கத் தக்கவற்றைப் பட்டியலிடு என்கிறார்கள். ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. உலகப் பொருட்களில் அடிப்படை ஆகுமானது; தடை செய்ய ஆதாரம் வேண்டும். இபாதத்தில் அடிப்படை தடை. செய்வதற்கு ஆதாரம் வேண்டும். உள்ளீட்டுக்கு இரண்டாவது விதியே பொருந்தும். தீயவன் நாளை என்ன குறி இடுவான் என்று இன்று பட்டியலிட முடியாது. குடும்ப அட்டை எண்ணில் இலக்கம் இருக்கலாம், வேறெதுவும் கூடாது என்று சொல்வது எளிது. ஆனால் பெயர் விஷயத்தில் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளக் கூடாது. ஆங்கில எழுத்து மட்டும் என்றால் தமிழில் பெயர் எழுத முடியாது. "எழுத்துகள் மட்டும்" என்று பொதுவாகச் சொன்னாலும் போதாது. கணினியின் யூனிகோடு கணக்கில் தமிழின் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்து என்ற வகையில் வராமல், துணைக்குறி என்ற தனி வகையில் வருகின்றன. அதையும் சேர்த்து அனுமதிக்காவிட்டால் ஃபாத்திமாவும் வர முடியாது, பக்கத்து வீட்டு மீனாட்சியும் வர முடியாது. ஜஅஃபர் பாயின் மேற்கோள் குறிக்கும் இடம் வேண்டும். அதைத் தரவுத்தளத்தில் ஆபத்தில்லாமல் வைப்பதற்கு வேறு வழி இருக்கிறது: கட்டளையைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் அனுப்புவது. அப்போது பெயருக்குள் என்ன இருந்தாலும் கணினி அதைப் பெயராகவே கொள்ளும். நீக்குகிற வேலையே இல்லை.

இரண்டாவது, வேடம் கலைத்துப் பார்ப்பது. தீய நிரலை ஒருமுறைக்கு இருமுறை குறிமுறை மாற்றி அனுப்பினால் சாதாரணச் சோதனையில் சிக்காது. ஈஎஸ்ஏபிஐ அதை அதன் இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவந்து பிறகே சோதிக்கும். இரட்டை வேடம் போட்டிருந்தால் அதையே ஊடுருவல் முயற்சி என்று நிறுத்திவிடும். நேர்மையான விண்ணப்பதாரருக்கு இரண்டு முகமூடி எதற்கு?

மூன்றாவது, வெளியே காட்டும்போது எழுத்தை எழுத்தாகவே காட்டுவது. ஒருவர் காரணக் கட்டத்தில் நிரலை எழுதிவைத்தால், அதைத் திறக்கும் பொறுப்பாளரின் உலாவி அதை இயக்கிவிடும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஸாமி என்ற இளைஞர் தம் பக்கத்தில் இப்படி ஒரு நிரலை வைத்தார். பார்த்தவர் பக்கத்துக்கெல்லாம் அது தொற்றி, ஒரு நாளுக்குள் பத்து லட்சம் பேரைத் தாண்டியது. இதைத் தடுக்கப் பிறந்த ஓவாஸ்ப் கருவிக்கு ஆன்ட்டிஸாமி என்றே பெயர். ஈஎஸ்ஏபிஐ அதையும் பயன்படுத்துகிறது.

நான்காவதுதான் நம் கதைக்கு உரியது. உண்மையான எண்ணை வெளியே காட்டாமல், அதற்குப் பதில் யூகிக்க முடியாத ஒரு மாற்றுக் குறியீட்டைக் கொடுப்பது. உள்ளே 41 என்பது யாருடையது என்ற பட்டியல் தளத்திடமே இருக்கும். வெளியே தெரிவது பொருளற்ற எழுத்துக் கோவை. அதை மாற்றித் தட்டினால் எதுவும் திறக்காது. ஆனால் இது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது; கேட்பவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டா என்ற சோதனை ஒவ்வொரு முறையும் தனியே நடக்க வேண்டும். ஈஎஸ்ஏபிஐ அதற்கும் இடம் வைத்திருக்கிறது.

யாருக்குத் திறப்பது என்பதை எந்த நூலகமும் சொல்லாது

இங்கேதான் நமக்கு வேலை வந்தது. உரிமையைச் சோதிக்கலாம், ஆனால் யாருக்கு உரிமை? அதை நிரல் எழுதியவர்கள் எங்கும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். ஜமாஅத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிர்வாகக் கமிட்டியில் இரண்டு அமர்வு இதற்கே ஆனது. "நாங்க 11 பேரும் பொறுப்பாளிங்கதானே, எல்லாருக்கும் தெரிஞ்சா என்ன தப்பு?" என்றார் ஒரு பெரியவர். கெட்ட நோக்கத்தில் கேட்கவில்லை. காலங்காலமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கூட்டத்தில் சத்தமாக வாசித்துத்தான் உதவி கொடுத்து வந்திருக்கிறோம். ஆனால் நோட்டு அலுவலகப் பீரோவில் இருந்தது. வாசித்ததைக் கேட்டவர் மறந்தும் போவார். கைபேசியில் வந்தது மறக்காது. ஒரு விரல் அசைவில் படமாகி வாட்ஸ்அப்பில் போய்விடும். அன்னிஸா அத்தியாயம் 58-வது வசனம் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. தன் வறுமையை நம்பி எழுதிக் கொடுப்பதும் அமானிதம்தானே என்று நாம் கேட்டோம். கடைசியில், விண்ணப்பதாரரும் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் இருவரும் மட்டும் முழு விவரத்தைப் பார்க்கலாம், மற்றவர்களுக்குப் பெயரில்லாமல் குடும்ப எண்ணிக்கையும் தேவையும் மட்டும் தெரிந்தால் போதும் என்று முடிவாயிற்று. பெரியவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஏற்றுக்கொண்டார்.

வரன் தகவல் தளங்களில் இந்த முடிவு இன்னும் கடுமையாக வேண்டும். 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு அன்றும் முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலப் பொருளாகக் காட்டிய இழிசெயலிகளை நாம் மறந்துவிடவில்லை. அந்தப் படங்கள் எந்தப் பூட்டையும் உடைத்து எடுக்கப்படவில்லை. சமூக ஊடகங்களில் பொதுவில் கிடந்தவை. பொதுவில் கிடந்ததற்கே அந்த நிலை என்றால், நம்பிக் கொடுத்த படமும் தந்தையின் கைபேசி எண்ணும் ஊரும் ஒருசேர வெளியே போனால் என்னவாகும்?

பராமரிப்பில்லாத வக்ஃபு

பொது நூலகத்தை எடுத்துக்கொண்டதோடு கடமை முடிந்துவிடாது. ஈஎஸ்ஏபிஐ-யிலேயே தவறுகள் இருந்தன. 2013-ல் அதன் மறையாக்கப் பகுதியில், மறைத்த செய்தியை யாரும் மாற்றாமல் காக்கும் சோதனையையே ஏமாற்ற வழி இருப்பது தெரியவந்து, திருத்தம் வெளியிட்டார்கள். தரவுத்தளக் கட்டளைக்காக எழுத்துகளை மாற்றும் ஒரு பகுதி நம்பத் தக்கதல்ல என்று அதை எழுதியவர்களே எச்சரித்து வந்தார்கள். 2025-ல் அதைத் தாமாக இயங்காதபடி முடக்கினார்கள். பி.எச்.பி., பைத்தான், டாட்நெட் மொழிகளுக்காக எழுதப்பட்ட ஈஎஸ்ஏபிஐ பதிப்புகள் எப்போதோ கைவிடப்பட்டுவிட்டன. ஜாவா பதிப்பு மட்டுமே இன்றும் கவனிக்கப்படுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் தேவைக்கேற்ற சிறிய கருவிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதன் பராமரிப்பாளர்களே சொல்கிறார்கள். இப்படி வெளிப்படையாகச் சொல்கிறார்களே, அதனால்தான் அவர்கள் மேல் நமக்கு மதிப்பு.

இணையத்தில் பூட்டுப் படத்துடன் வரும் பாதுகாப்பான இணைப்புக்கு உலகம் பெரிதும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் கதை இன்னும் பாடமானது. 2012-ல் வெளியான பதிப்பில் புகுந்த ஒரு பிழை, 2014 ஏப்ரலில்தான் ஹார்ட்பிளீட் என்ற பெயரில் அம்பலமானது. இரண்டு ஆண்டுகள் அந்த ஓட்டை வழியாகக் கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் கசிய இடமிருந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த நூலகத்தைப் பயன்படுத்தின. அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்! கவனிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

வக்ஃபு சட்டத்தில் ஒரு விதி உண்டு. வருமானத்தில் முதல் உரிமை அந்த வக்ஃபின் பராமரிப்புக்கே, பிறகுதான் பயனாளிகளுக்கு. கிணறு இடிந்துவிட்டால் தண்ணீர் யாருக்கு? எல்லோரும் இறைத்தார்கள், யாரும் தூர்வாரவில்லை. ஹார்ட்பிளீடுக்குப் பிறகே பெரிய நிறுவனங்கள் சேர்ந்து இத்தகைய பொது நிரல்களுக்குப் பணம் ஒதுக்கின.

தூர்வாரிய பிறகும் நாம் புதுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது நம் குற்றம். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற பொது நிரலுக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. அவர்கள் ஒரு தளத்தில் அதை இணைக்கவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

பொதுவில் கிடைக்கிறது என்பதற்காக எதையும் இணைத்துவிடவும் கூடாது. முஸ்லிம் ப்ரோ என்ற தொழுகை நேரச் செயலி நம் வீடுகளில் பலரது கைபேசியில் இருந்தது. அதில் இணைத்திருந்த எக்ஸ்-மோட் என்ற வெளி நிறுவனத்தின் நிரல் பயனாளர்கள் இருக்குமிடத்தைச் சேகரித்தது, அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள் என்று 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற ஊடகம் வெளியிட்டது. முஸ்லிம் ப்ரோ உடனே அந்தத் தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தது. கிப்லா பார்க்கக் கைபேசியை எடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. செயலி செய்தவர்தாம் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டவை

தென்னூர்ப் பிள்ளைகளின் செயலி பி.எச்.பி.யில் எழுதப்பட்டது. ஆகவே ஈஎஸ்ஏபிஐ-யை அப்படியே எடுக்க முடியவில்லை. அதன் வழிமுறையை எடுத்துக்கொண்டு, லாரவெல் என்ற கட்டமைப்புக்கு மாறினார்கள். தரவுத்தளக் கட்டளையையும் பெயரையும் பிரித்து அனுப்புவது, காட்டும்போது எழுத்தாக மாற்றுவது, வேறு தளத்திலிருந்து நம் பெயரில் வரும் போலி விண்ணப்பத்தைத் தடுப்பது எல்லாம் அதில் உள்ளேயே இருக்கின்றன. கடவுச்சொற்களை அப்படியே சேமித்து வைத்திருந்ததை மாற்றி, பி.எச்.பி. மொழியிலேயே 2013 முதல் இருக்கும் கடவுச்சொல் மறைப்பு வசதிக்குக் கொண்டுவந்தார்கள். "நாங்களே ஒரு மெத்தட் கண்டுபிடிச்சு வெச்சிருந்தோம் ஹஜ்ரத்" என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே அழித்தார். வேர்ட்பிரஸில் தளம் வைத்திருக்கும் ஜமாஅத்களுக்கும் இதுவே பொருந்தும். வேர்ட்பிரஸ் தரும் காவல் வசதிகள் நன்றாகவே இருக்கின்றன. யாரோ எழுதி, பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காமல் விட்ட இணைப்பு நிரல்கள்தாம் ஆபத்து. பயன்படாதவற்றை முடக்கி வைத்தால் போதாது, நீக்கிவிட வேண்டும்.

முத்தவல்லிமார்கள் நிரல் படிக்க வேண்டியதில்லை. தளம் செய்து தருபவரிடம் சில கேள்விகளைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும். காவலுக்கு எந்தப் பொது நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள்? அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? திருத்தம் வந்தால் யார் இணைப்பார், அவர் வெளிநாடு போய்விட்டால் யார்? சொந்தமாக எழுதிய பூட்டு எங்காவது இருக்கிறதா? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஆதார் நகல் எதற்கு? 2021-ல் தமிழக ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஆதார் எண்களுடன் இணையத்தில் வெளியிடப்பட்டிருப்பதாக டெக்னிசாங்க்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. நம்மிடம் இல்லாத ஒன்றை நம்மிடமிருந்து யாரும் திருட முடியாது. நேரில் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் என்ன குறை? 40 நகல்களையும் நம் முன்னாலேயே அழித்தார்கள்.

சட்டமும் இப்போது கேட்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையில் வைத்திருப்பவர் உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமளிக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத் தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. மக்தப் சேர்க்கைப் படிவம் வைத்திருப்பவர்கள் கவனிக்க. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஒரு காவலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. யார், எப்போது, எதைத் திறந்தார் என்ற பதிவேடு. ஈஎஸ்ஏபிஐ-யிலும் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. நம் பிள்ளைகள் அதைத் தேவையில்லை என்று விட்டிருந்தார்கள்.

தளத்தைச் சரிசெய்த பிறகு, அந்த 40 குடும்பங்களுக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்கு மதரஸா ஆலிமாக்கள் இருவர் போனார்கள். நாம் திறந்து பார்த்துவிட்ட விண்ணப்பத்தின் சகோதரி கோபப்படவில்லையாம். "நான் எழுதினதை எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பதிவேடு இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். ஹஜ்ரத் ஒருவர் பார்த்தது நிச்சயம், மற்றது தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

இப்போது தளத்தில் பதிவேடு இருக்கிறது. தன் விண்ணப்பத்தை யார் யார், எந்தத் தேதியில் திறந்தார்கள் என்பதை விண்ணப்பித்தவரே தம் பக்கத்தில் பார்க்கலாம்.